இரவு ரயிலில் படுக்கையை நனைக்கும் குழந்தை

ஐந்து வயதைக் கடந்த பிறகும் பல குழந்தைகள் தூக்கத்தில் சிறுநீர் கழிப்பதுண்டு. அது அவர்கள் வேண்டுமென்றே செய்வதன்று என்பதால், புறப்படுமுன் திட்டுவதும் மிரட்டுவதும் எவ்விதத்திலும் உதவாது.

இரவு ரயிலில் குழந்தைக்குக் கீழ்ப்படுக்கையையே கொடுங்கள். முதலில் ரப்பர் ஷீட்டை விரித்து, அதன்மேல் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துப் போட்டு, ஓரங்களை இருக்கைக்கும் சுவருக்கும் இடையே செருகிவிட்டால், குழந்தை புரண்டாலும் விரிப்பு நகராது. மாற்றுடை, துடைக்கும் துணி, ஈர உடைக்கான பிளாஸ்டிக் பை ஆகியவை தலைமாட்டிலேயே இருந்தால், விளக்கணைந்த பெட்டியிலும் அருகில் இருப்பவர்கள் விழிக்காமல் உடை மாற்றிவிடலாம். தூங்குமுன் கழிவறைக்கு அழைத்துச் செல்ல மறவாதீர்கள்.

பயணத்தில் பலரும் செய்யும் தவறு, பகலிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுவதுதான். அதனால் மலச்சிக்கல் உண்டாகி, தொல்லை அதிகரிக்கவே செய்யும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். தேநீர், காபி, கோலா மட்டும் மாலைக்குப் பின் வேண்டாம்.

உறவினர் வீட்டில் தங்கும்போது, அத்தையிடமோ சித்தியிடமோ தனியே சொல்லிவையுங்கள். மற்றப் பிள்ளைகள் காதில் விழக் கூடாது.

ஆறு மாதங்களுக்குமேல் நனைக்காமலிருந்த குழந்தை மீண்டும் தொடங்கினாலோ, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காய்ச்சல், மிகுந்த தாகம் இருந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.