காரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் முதலில் பழுதுக் கோட் நம்பரைப் பாருங்கள்

விளக்கு எரிந்ததும் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு ஓடிப்போய் சென்சர் வாங்காதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சொக்கெட்டில் புளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனில் வரும் கோட் நம்பரை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். பி0301 வந்தால் முதலாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்றுதான் அர்த்தம், எந்தப் பாகம் பழுது என்று அது சொல்லாது. ஒவ்வொரு பிளக்குக்கும் பொறிக்கான மின்சாரம் கொடுக்கும் தனிக் கொயில் உள்ள கார் என்றால், எஞ்சினை ஆறவிட்டு, முதலாவது கொயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டு, கோட் நம்பரை அழித்துவிட்டுக் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று வந்தால், சரி, கொயில்தான் கள்ளன். மறுபடியும் பி0301 என்றால் பிளக்கை அதேபோல மாற்றிப் பாருங்கள், அப்புறம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்.

விளக்கு விட்டுவிட்டு மினுங்கினால் மட்டும், கொழும்பின் காலி வீதி நெரிசலாக இருந்தாலும் ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டரைக் கெடுத்துவிடும், அது கொயில் விலையில் முடிகிற வேலையில்லை.