செங்காந்தளைத் தொட்டியில் வளர்ப்பது எப்படி?

மலையடிவாரத்துப் புதர்களில் தீப்பிடித்த மாதிரி பூத்துக் கிடக்குமே செங்காந்தள், நம் மாநில மலர், அதை மொட்டைமாடித் தொட்டியிலேயே வளர்க்கலாம். ஆனால் கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். அதில் உள்ள கால்ச்சிசின் ஆளையே கொல்லும். தவழும் குழந்தையோ கண்டதைக் கடிக்கும் நாய்க்குட்டியோ வீட்டில் இருந்தால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

சரி, முதலில் கிழங்கு. காட்டில் போய்த் தோண்ட வேண்டாம். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதையே கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்கள், அங்கே கேட்டு வாங்கலாம். 50, 60 கிராம் எடையில், கலப்பை போல இரண்டு கொம்பாக வளைந்திருப்பதைப் பொறுக்குங்கள். உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் இருக்காது, கொம்பின் நுனியில்தான் முளை வரும். என் முதல் கிழங்குக்குப் பையில் வரும்போதே இரண்டு நுனியும் ஒடிந்துபோயிருந்தது, தெரியாமல் நட்டு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியதுதான் மிச்சம்.

ஜூன், ஜூலையில் நடலாம். ஓட்டையுள்ள 12 அங்குலத் தொட்டியில் செம்மண், மணல், மட்கிய எரு கலந்து நிரப்பி, கையுறை போட்டுக்கொண்டு, கிழங்கைப் படுக்கவைத்து இரண்டு அங்குலம் மண் மூடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

முளை வந்ததும் மெல்லிய குச்சியோ நூலோ கட்டிவிடுங்கள். இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொண்டு ஏறும், அதனால் தடித்த கம்பு உதவாது. தண்டு மொடுக்கென்று ஒடியும், இழுத்து வளைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் பூக்கும். பச்சை மொட்டு தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழும் நெளிநெளியாகப் பின்னால் மடங்கி மேலே பார்க்கும், மஞ்சளாக இருந்தது நாளாக நாளாகச் சிவப்பேறும். ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பார்கள்.

அப்புறம் கொடி மஞ்சளித்துக் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், மண்ணுக்குள் பழைய கிழங்கு சுருங்கி, புதுக் கிழங்கு திரண்டிருக்கும். தண்ணீரை நிறுத்தி நிழலில் ஒதுக்கிவையுங்கள். தொட்டி சும்மாதானே கிடக்கிறது என்று கீரை மட்டும் விதைத்துவிட வேண்டாம், கோடை மழைக்குக் கீரையோடு காந்தளும் முளைத்து வரும்.