10 கோடிப் பாடல்களுக்கு நடுவே ஒரு பாட்டைக் கேட்பது எப்படி?

மாதக் கட்டணத்தில் இயங்கும் பெரிய இசைச் செயலிகளில் இன்று 10 கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. இவ்வளவும் விரல் நுனியில் கிடைக்கும்போது நாம் கேட்கும் பாடல்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஒரு பாட்டோடு நாம் இருக்கும் நேரமோ குறைகிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய கிராமஃபோன் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடம்தான் ஒலித்தது. அது முடிந்ததும் எழுந்து போய்த் தட்டைப் புரட்டி, ஊசியை மாற்றி, சாவி கொடுக்க வேண்டியிருந்தது. இந்தச் சிரமங்களை யாரும் விரும்பி ஏற்கவில்லை என்றாலும், எதைக் கேட்பது, எங்கே நிறுத்துவது என்ற முடிவுகளைப் பெரும்பாலும் அவையே நமக்காக எடுத்தன. அந்த எல்லைகள் இப்போது இல்லை. வேண்டுமென்றால் நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் செயலியைத் துறக்க வேண்டியதில்லை, அதன் சில பழக்கங்களை மாற்றினால் போதும்.

முதலில் மாற்ற வேண்டியது ஆட்டோபிளே. நாம் தேர்ந்தெடுத்த பாடல்கள் முடிந்ததும் செயலி தானாகவே அடுத்ததை ஓட்டும் ஏற்பாடு இது. ஸ்பாட்டிஃபையில் அமைப்புகளுக்குள்ளும், யூடியூபில் காணொளித் திரையிலேயே ஒரு சிறு பொத்தானாகவும், ஆப்பிள் மியூசிக்கில் பாடல் வரிசைப் பக்கத்தில் எண்ணிலிக் குறியாகவும் (∞) இருக்கும். அதை அணைத்துவிட்டால் இசை ஓரிடத்தில் நிற்கும். அடுத்து என்ன என்று யோசிக்க நேரிடும். கேட்பவருக்குத் தேர்வு செய்யும் பொறுப்பைத் திருப்பித் தருவது அந்தச் சில விநாடி மௌனம்தான்.

அடுத்து, ஒரு மணி நேரத்துக்கு மேற்படாத பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். இந்த அளவை நான் கேசட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்த காலத்தில், வெற்றுக் கேசட்டையும் கைப்பட எழுதிய பட்டியலையும் கொடுத்துவிட்டுச் சில நாள் காத்திருப்போம். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று பாடல்கள் அடங்கும். ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொன்றை அடித்தாக வேண்டும். ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவே அறுந்துபோனாலும், அடுத்ததாக எந்தப் பாட்டு வரும் என்பது மனத்தில் பதிந்திருக்கும். ஆயிரம் பாடல்கள் கொண்ட பிளேலிஸ்ட் இப்படிப் பழகுவதில்லை. அது கிடங்காக இருக்கலாம், கேட்கும் பட்டியலாக இருக்க முடியாது. ஆகவே கிடங்கை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து எடுத்த பன்னிரண்டு பாடல்களைத் தனிப் பட்டியலாக்கி, ஒரு வாரம் முழுவதும், வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் இல்லாமல், அதே வரிசையில் கேளுங்கள். சில செயலிகள் இலவசக் கணக்குக்கு வரிசைப்படி கேட்கும் வசதியைத் தருவதில்லை. அப்படியானால் கையில் உள்ள கோப்புகளை ஓட்டும் சாதாரண பிளேயரே போதும்.

பட்டியலில் உள்ள பாட்டைப் பாதியில் தாண்டுவதில்லை என்பது இந்த முறையின் கடினமான பகுதி. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால் ஒரு முறை கேட்கப்பட்டதாகக் கணக்காகிறது. செயலிக்கு அது போதும், நமக்குப் போதாது. 1980களின் திரைப்பாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம், மீண்டும் பல்லவி, இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம் என்று நாலரை நிமிடம் விரியும். இளையராஜாவின் பல பாடல்களில் இரண்டாம் இடையிசை முதலாவதன் நகல் அன்று. முற்றிலும் வேறான மெட்டும் வேறான வாத்தியச் சேர்க்கையும் கொண்டது. அது வருவதற்குள் இரண்டரை நிமிடம் கடந்துவிடும். பல்லவி தெரிந்துவிட்டது என்று முதல் நிமிடத்திலேயே விரலை நகர்த்துபவர், பத்து முறை போட்ட பாட்டில்கூட அந்த இடத்தைக் கேட்டிருக்க மாட்டார். ஒரு நாள் குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அது அநேகமாகக் கேட்காது என்பதால் இதற்கு ஹெட்ஃபோனோ நல்ல ஸ்பீக்கரோ தேவை.

கர்நாடக இசை கேட்பவர்கள் கூடுதலாக இரண்டு அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். கச்சேரிப் பதிவுகளில், பாட்டுக்கு முன் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை ஒரு டிராக்காகவும் கீர்த்தனை இன்னொரு டிராக்காகவும் தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் மூன்றாவதாகவும் பிரிக்கப்பட்டிருப்பது வழக்கம். ஷஃபிளில் போட்டால் மோகன ராக ஆலாபனைக்குப் பின் வேறொரு கீர்த்தனையின் தனி ஆவர்த்தனம் வந்து நிற்கும். ஒரு டிராக்கின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்து ஒலிக்கவிடும் கிராஸ்ஃபேடையும் சுழியத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஆலாபனையின் கடைசிப் பிடியின்மேல் கீர்த்தனையின் எடுப்பு ஏறி விழும். கோயில் வீதிகளில் மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்த நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை, இசைத்தட்டுக்காக அதைச் சில நிமிடங்களுக்குள் அடக்க வேண்டியிருந்தது. இன்று அப்படிப்பட்ட நெருக்கடி எதுவும் இல்லாதபோது, கச்சேரியின் விரிவான பகுதியான ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவியை நாமே துண்டாக்கிக் கேட்பது விந்தைதான்.

மிகுதியால் வந்த உண்மையான லாபமும் இங்கேதான் இருக்கிறது. ஒரே கீர்த்தனையை மூன்று தலைமுறைப் பாடகர்களிடம் அடுத்தடுத்துக் கேட்டு, எவர் எந்த வரியை எடுத்துக்கொண்டு பலவிதமாக விரித்து நிரவல் செய்கிறார், எவர் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, தாழ்த்துகிறார் என்று ஒப்பிடும் வாய்ப்பு, வீட்டில் பெரிய சேகரிப்பு வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே முன்பு கிடைத்தது. மாதத்துக்கு ஒரு கீர்த்தனை என்று வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம்.

வேலைக்கும் சமையலுக்கும் பின்னணியாக ஓடும் இசையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விவித் பாரதியும் இலங்கை வானொலியும் வீடுகளில் அப்படித்தான் ஒலித்தன. ஆனால் வானொலி நம்மைக் கண்காணித்துப் பரிந்துரை தயாரிக்கவில்லை. காலையில் சுப்ரபாதமும் மாலையில் குழந்தைக்கான பாடல்களும் ஒரே கணக்கில் ஓடினால், செயலி நம் ரசனையை அவற்றின் கலவையாகவே புரிந்துகொள்ளும். ஸ்பாட்டிஃபையில் இத்தகைய நேரங்களில், கேட்பது ரசனைக் கணக்கில் சேராதிருக்க, பிரைவேட் செஷனை இயக்கலாம். குறிப்பிட்ட பட்டியலை ரசனைக் கணக்கிலிருந்து விலக்கி வைக்கவும் முடியும். குடும்பத் திட்டம் இருந்தால் குழந்தைக்குத் தனிக் கணக்கே நல்லது.

கடைசியாக, உங்களுக்கு இன்றியமையாத பாடல்களைச் செயலியை மட்டும் நம்பி வைத்திருக்காதீர்கள். செயலிக்குள் பதிவிறக்கியவை சந்தா முடிந்ததும் திறக்காது. உரிமம் புதுப்பிக்கப்படாவிட்டால் சந்தா கட்டியவருக்கும் பாடல்கள் மறைந்துபோகும். 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் என்ற இசை நிறுவனத்தின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து அப்படித்தான் நீங்கின. நீங்கள் மீண்டும் மீண்டும் திரும்பிவரும் பாடல்களை சிடியாகவோ விலைக்குக் கிடைக்கும் கோப்பாகவோ வாங்கி, படம், ஆண்டு, பாடியவர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகிய ஐந்தையும் கோப்பில் குறித்து, இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். பாடலாசிரியர் பெயரைப் பல செயலிகள் முன்பக்கத்தில் காட்டுவதில்லை என்பதால், அதை மட்டும் படத்தின் பெயர்ப் பட்டியலில் பார்த்துச் சேர்க்க வேண்டியிருக்கும்.