லினக்ஸ் கையேடு கையில் இருந்தால்: எதைத் தட்டிப் பார்ப்பது, எதைத் தாண்டிப் போவது

புத்தகத்தைத் திறந்ததும் முதல் அத்தியாயத்துக்குப் போய்விடாதீர்கள். அது அச்சான ஆண்டையும், எந்த வழங்கலின் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகையின்) எந்தப் பதிப்பை வைத்து எழுதப்பட்டது என்பதையும் முதலில் பாருங்கள். லினக்ஸ் கையேடுகளில் ஒரு பகுதி சில ஆண்டுகளிலேயே காலாவதியாகிவிடும். இன்னொரு பகுதி இருபது ஆண்டு கழித்தும் ஒரு எழுத்து மாறாமல் வேலை செய்யும். எது எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பழைய புத்தகத்தை வைத்தும் நன்றாகவே கற்கலாம்.

சீக்கிரம் பழசாவது நிறுவும் திரைகள், டெஸ்க்டாப் படங்கள், நெட்வொர்க் அமைப்பு, சேவைகளை (பின்னணியில் ஓடும் நிரல்களை) தொடங்கி நிறுத்தும் முறை ஆகியவை. உபுண்டு 17.10-இல் யூனிட்டி என்ற டெஸ்க்டாப் போய் க்னோம் வந்தது. அதற்கு முந்தைய படங்கள் இன்றைய திரையோடு ஒத்துப்போகாது. நெட்வொர்க் அமைப்புக்கு ‘ஐஎஃப்கான்ஃபிக்’ என்று புத்தகம் சொல்லும் இடத்தில் இப்போது ‘ஐபி’ கட்டளை. 2015-இல் வந்த டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி முறைக்கு மாறிவிட்டதால், சேவைகள் பற்றிய பழைய அத்தியாயத்தைத் தாண்டிவிட்டு ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளையைத் தனியாகப் படிப்பது மேல். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. அதில் எழுதிய எடுத்துக்காட்டுகளையும் விட்டுவிடலாம்.

கோப்பு மரம், அனுமதிகள், பைப் (ஒரு கட்டளையின் விடையை இன்னொன்றுக்கு அனுப்புவது), திசைதிருப்பல் (விடையைக் கோப்புக்கு அனுப்புவது), ஷெல் (தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) இவையெல்லாம் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் காலத்துச் சரக்கு. இவை மாறவில்லை. உங்கள் நேரத்தில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும்.

படங்கள் பொருந்த வேண்டும் என்பதற்காகப் புத்தகம் சொல்லும் பழைய பதிப்பையே தேடி நிறுவுவது வீண் வேலை. ஆதரவு முடிந்த பதிப்புகளின் மென்பொருள் களஞ்சியம் வேறு முகவரிக்குப் போய்விடும். எதை நிறுவப் போனாலும் கோப்பு கிடைக்கவில்லை என்ற 404 பிழைதான் வரும். உபுண்டுவின் பதிப்பு எண் ஆண்டும் மாதமும் சேர்ந்தது: 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் பதிப்புதான் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. ஐந்து ஆண்டுக்குத் திருத்தங்கள் வரும். அதில் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

உடைத்தாலும் கவலைப்படாத ஒரு கணினி

கற்கும்போது கணினியைப் பாழாக்கத் துணிவு வேண்டும். அந்தத் துணிவைத் தருவது மெய்நிகர் கணினி, அதாவது உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள் ஒன்றை இப்போதுள்ள இயங்குதளத்திலேயே நிறுவி, அதற்குள் லினக்ஸைப் போடுங்கள். கணினியில் 8 ஜிபி ராம் இருந்தால் 4 ஜிபியை உள்ளே ஒதுக்கலாம். இரண்டு கோர், 25 ஜிபி வட்டு போதும். வட்டை ‘தேவைக்கேற்ப வளரும்’ வகையாகத் தேர்ந்தெடுத்தால் 25 ஜிபியும் உடனே நிரம்பிவிடாது.

இங்கே இரண்டு இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, மெய்நிகர் கணினி தொடங்கவே மாட்டேன் என்பது. பெரும்பாலும் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) மெய்நிகர் கணினிக்குத் தேவையான வர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்திருக்கும். இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்ற பெயரில் தேடி இயக்குங்கள். இன்னொன்று, நிறுவி முடித்து மறுபடி தொடங்கினால் நிறுவும் திரையே திரும்ப வருவது. மெய்நிகர் சிடியில் ஐஎஸ்ஓ கோப்பு (லினக்ஸை நிறுவப் பயன்படுத்தியது) இன்னும் செருகியிருக்கிறது. அதைக் கழற்றினால் சரியாகிவிடும்.

நிறுவி, புதுப்பித்து முடித்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் பதிவு) எடுத்து வையுங்கள். பிறகு என்ன உடைந்தாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இது இல்லாமல் கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ அத்தியாயத்துக்குப் போகாதீர்கள். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான்.

பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் அதன் பயன் வேறு: உங்கள் வைஃபை, ஒலி, தொடுபலகை எல்லாம் லினக்ஸில் வேலை செய்கின்றனவா என்று பார்க்க. சாதாரணமாகத் தயாரித்த பென் டிரைவில் செய்த மாற்றங்கள் கணினியை அணைத்ததும் மறைந்துவிடும் என்பதால் நாள்கணக்கில் கற்க உதவாது.

அச்சில் இருப்பதும் தட்ட வேண்டியதும்

கட்டளைக்கு முன்னால் $ அல்லது # இருந்தால் அதைத் தட்டக் கூடாது. $ என்றால் சாதாரணப் பயனர், # என்றால் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனர் என்று புத்தகம் சொல்கிறது, அவ்வளவுதான். # பார்த்த இடத்தில் கட்டளைக்கு முன்னால், அதை ரூட் உரிமையில் ஓட்டும் ‘சூடோ’ சேர்த்துக்கொள்ளுங்கள். அது கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் தட்டுவது எதுவும் பல பதிப்புகளில் திரையில் தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று நினைக்காமல் தட்டி என்டரை அழுத்துங்கள்.

மின்னூலிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் வேறு தொல்லை. நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகவும், இரண்டு சிறு கோடுகள் ஒரே நீளக் கோடாகவும் அச்சில் மாறியிருக்கும். ஷெல்லுக்கு அவை வேறு எழுத்துகள். அச்சுப் புத்தகத்தில் சிறிய ‘எல்’ எழுத்தும் எண் 1-ம் ஒரே மாதிரி தெரியும். கோப்புகளை விவரத்தோடு பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்’ என்பதற்குப் பதிலாக ‘எல்எஸ் -1’ தட்டினால் பிழையே வராது. கோப்புப் பெயர்கள் வரிக்கு ஒன்றாக வரும், அனுமதிகளும் அளவும் மட்டும் காணாமல் போயிருக்கும். பிழை காட்டாமல் தவறும் இந்த வகைதான் அதிகம் குழப்பும்.

ஆகவே கையால் தட்டுங்கள். பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை ஷெல் நிரப்பும். நிரப்ப மறுத்தால் அந்தப் பெயரில் எதுவும் இல்லை, அல்லது ஒன்றுக்கு மேல் இருக்கிறது. மறுமுறை டேப் அழுத்தினால் பட்டியல் வரும். கன்ட்ரோல்+சி இங்கே நகலெடுக்காது, ஓடும் கட்டளையை நிறுத்தும். நகலெடுக்க ஷிஃப்டையும் சேர்க்க வேண்டும். பழக்கதோஷத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தி டெர்மினல் உறைந்துபோனால் கன்ட்ரோல்+கியூ அதை விடுவிக்கும்.

அனுமதி அத்தியாயம்

இதை அவசரமாகக் கடப்பவர்களே பிறகு எல்லாவற்றுக்கும் 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) போடுகிறார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளர், குழு, மற்றவர் என்ற வரிசையில் கூட்டுங்கள். 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழு படிக்கலாம், மற்றவருக்கு ஒன்றும் இல்லை. இதுவரை எல்லாப் புத்தகமும் சொல்லும். கோப்புறைக்கு வரும்போது பொருள் மாறுவதில்தான் சிக்கல்: அங்கே 1 என்பது உள்ளே நுழையும் உரிமை, 2 என்பது உள்ளே கோப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் உள்ள உரிமை.

இதைச் செய்தே பாருங்கள், சூடோ இல்லாமல். உங்கள் கோப்புறையில் ஒரு கோப்பை உருவாக்கி அதற்கு அனுமதியை மாற்றும் ‘சிஎச்மோட்’ கட்டளை மூலம் 000 கொடுத்து, பிறகு அழியுங்கள். ‘எழுதத் தடையுள்ள கோப்பு, நீக்கவா?’ என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்றால் அழிந்துவிடும். அடுத்து, ஒரு கோப்புறைக்குள் 666 உள்ள கோப்பை வைத்து, கோப்புறைக்கு 555 கொடுங்கள். இப்போது அதே கோப்பை உங்களால் திருத்த முடியும், அழிக்க முடியாது. கோப்பை நீக்குவது கோப்புறையை மாற்றும் செயல், அதனால் கேட்கப்படுவது கோப்புறையின் அனுமதி. இது ஒன்று புரிந்தால் சர்வரில் வரும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ சிக்கல்களில் பலவற்றை நீங்களே அவிழ்க்கலாம்.

எதற்கெடுத்தாலும் சூடோ போடுவதும் இதே நோய்தான். சூடோவுடன் உருவாக்கிய கோப்பு உங்கள் வீட்டுக் கோப்புறையிலேயே இருந்தாலும் ரூட்டுக்குச் சொந்தம். மறுநாள் அதைச் சேமிக்க முடியாமல் திண்டாடுவீர்கள். ‘சிஎச்ஓன்’ கட்டளையால் உரிமையை மாற்றினால் தீரும்.

திசைதிருப்பலில் > கோப்பை அழித்து எழுதும், >> கடைசியில் சேர்க்கும். ஒரு கோப்பின் வரிகளை வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ செய்து > மூலம் அதே பெயருக்கு அனுப்பினால் கோப்பு வெறுமையாகிவிடும். கட்டளை ஓடுவதற்கு முன்பே ஷெல் அந்தக் கோப்பைத் திறந்து காலி செய்துவிடுவதுதான் காரணம். வேறு பெயருக்கு அனுப்பி, பிறகு பெயரை மாற்றுங்கள்.

பிழைச் செய்தியைப் படித்தல்

‘கட்டளை கிடைக்கவில்லை’ என்றால் எழுத்துப்பிழை, அல்லது அந்த மென்பொருள் இல்லை, அல்லது நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டை (கட்டளைகள் அடங்கிய கோப்பை) ./ சேர்க்காமல் அழைத்திருக்கிறீர்கள். நடப்புக் கோப்புறையில் ஷெல் தானாகத் தேடாது. ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்றால் முதலில் ‘பிடபிள்யூடி’ தட்டி எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறு. மென்பொருளை நிறுவும் ‘ஆப்ட்’ கட்டளைக்குப் பூட்டு கிடைக்கவில்லை என்றால் பின்னணியில் புதுப்பிப்பு ஓடுகிறது, முடியும்வரை காத்திருங்கள். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையை நம்பினால் பாதி நிறுவிய நிலையில் கணினி நிற்கும். மென்பொருள் பெயரே இல்லை என்றால் ‘ஆப்ட் அப்டேட்’ செய்யாமல் நிறுவப் பார்க்கிறீர்கள்.

உண்மையான வட்டில்

மெய்நிகர் கணினியில் அனுமதியும் பைப்பும் கைக்கு வந்த பிறகு விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸை நிறுவலாம். முதலில் முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இருந்தால் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். தொடக்க அமைப்பு மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். விண்டோஸின் விரைவுத் தொடக்கத்தை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் பகிர்வு (வட்டில் அதற்குரிய பகுதி) பாதித் தூக்க நிலையில் இருக்கும். லினக்ஸிலிருந்து அதில் எழுத முடியாது.

ஐஎஸ்ஓ கோப்பின் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டுவது) சரிபார்த்து, ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். சும்மா இழுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது. 24.04 டெஸ்க்டாப்புக்கு 8 ஜிபி டிரைவாவது வேண்டும்.

இரண்டும் நிறுவிய பிறகு விண்டோஸில் கடிகாரம் சில மணி நேரம் தவறாகக் காட்டலாம். வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எதிர்பார்க்கிறது. லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையின் ‘செட்-லோக்கல்-ஆர்டிசி’ அமைப்புக்கு 1 கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.