பழைய ஆர்15-ஐ வீட்டு வாசலிலேயே தேற்றுவது எப்படி? வேலூர் வெயிலுக்கு ஏற்ற வரிசை

யமஹா ஆர்15 பைக்கின் முதல் தலைமுறை 2008-இல் வந்தது. 150 சிசிக்குள் நீர்க்குளிர்ச்சி, நான்கு வால்வு, ஆறு கியர், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், டெல்டாபாக்ஸ் ஃபிரேம் என்று அத்தனையும் ஒரே வண்டியில் கிடைத்ததால்தான் அதற்கு அவ்வளவு பெயர். இன்று அதே வண்டி செகண்ட் ஹேண்டில் கைக்கு எட்டும் விலைக்கு வருகிறது. காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் நிறையப் பேர் ஆசையாக வாங்குகிறார்கள். வாங்கியதும் முதல் வேலையாகச் சைலன்சரை மாற்றுகிறார்கள், அடுத்து அகல டயர், அடுத்து எல்இடி விளக்கு.

இந்த வரிசை தலைகீழ் என்பது என் உறுதியான கருத்து. 15 வயது தாண்டிய வண்டியில் முதலில் கெடுவது ரப்பரும் உள்ளே ஓடும் திரவங்களும்தான். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம்ம ஊரில் அவை இன்னும் சீக்கிரம் கெடும். அவற்றை மட்டும் புதுப்பித்துப் பாருங்கள், பாதி அப்கிரேட் அங்கேயே முடிந்துவிடும். ஸ்பேனர் பிடித்துப் பழகாதவர்களும் செய்யக்கூடிய வேலைகளை மட்டும் இங்கே சொல்கிறேன். பழைய கரிஸ்மா மாதிரி காற்றுக்குளிர்ச்சி வண்டி வைத்திருப்பவர்கள் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

தேவையான சாமான்கள்: 8 முதல் 19 வரை ஸ்பேனர் செட், ஆலன் கீ செட், வண்டியை நிமிர்த்தி நிறுத்த பேடாக் ஸ்டாண்ட், ஒரு மல்டிமீட்டர், பழைய பேசின், துணி. மேனுவல் ஒன்றை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேரிங்கைக் கழற்றுவது

வெயில் ஏறுவதற்கு முன், சமதளத்தில், இன்ஜின் முழுசாக ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். கழற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஃபேரிங் (பக்கவாட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. இடம் மாற்றிப் போட்டால் மரை போய்விடும். பழைய இட்லித் தட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு இடத்து போல்ட்டைப் போடுங்கள், குழப்பமே வராது. பல வருஷம் வெயிலில் நின்ற பிளாஸ்டிக்கின் காதுகள் சட்டென்று முறியும். அதனால் எங்கேயாவது இறுக்கமாக இருந்தால் இழுக்காதீர்கள், இன்னொரு திருகு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

கழற்றியதும் ரேடியேட்டரைப் பாருங்கள். தூசியும் பூச்சியும் அடைத்துக் கிடக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன்னை நேராக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கூலன்ட்

நம்ம ஊருக்கு இதுதான் முக்கியமான வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய வண்டிகளில் பலர் கூலன்ட் குறையக் குறைய போர் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். போர் தண்ணீர் காய்ந்த வாளியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான் ரேடியேட்டரின் குறுகிய குழாய்களுக்குள்ளும் படிகிறது.

முதல் விதி: சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

ஆறிய பிறகு மூடியைத் திறந்து, வாட்டர் பம்ப் பக்கம் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, பேசினில் வடியவிடுங்கள். கூலன்ட் ரிசர்வாயரில் (உபரி கூலன்ட் நிற்கும் சிறு டப்பா) இருப்பதையும் பேசினில் கொட்டிவிடுங்கள். வந்தது துரு நிறமாக இருந்தால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை நிரப்பி, சில நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து மறுபடியும் வடிக்கவும். தண்ணீர் தெளியும் வரை இதைச் செய்யலாம். அப்புறம் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மூடி, அலுமினிய இன்ஜினுக்கான, கலந்தே வரும் கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள். மூடி போடாமல் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியே வரும், மட்டம் இறங்கும். மேலும் ஊற்றி, குமிழி நின்ற பிறகு மூடுங்கள். ரிசர்வாயரில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கட்டும்.

ரேடியேட்டர் மூடியையும் புதிதாக வாங்கிவிடுங்கள். விலை அதிகமில்லை, ஆனால் வேலை பெரிது. உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கி நிற்பது அதுதான். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரிக்குப் பதில் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டால் கேஸ்கட் போன குக்கர் மாதிரி அழுத்தம் நிற்காது. கிரீன் சர்க்கிள் நெரிசலில் வண்டி கொதிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வடித்த கூலன்டை வாசலில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கிவிடும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

பிரேக்

ஆர்15-க்கு இரண்டு பக்கமும் டிஸ்க். முதல் தலைமுறையில் ஏபிஎஸ் கிடையாது, அதனால் வேலை சுலபம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருகிறோம், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் நன்றாகச் சூடாகிறது. டாட் 4 என்ற தரத்துப் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி அளவிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், லிவர் ஹேண்டில்பாரைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

எந்த வகை ஆயில் என்று பிரேக் ஆயில் ரிசர்வாயர் மூடியிலேயே எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். இந்த வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டும். என் தம்பியை லிவர் பக்கம் உட்கார வைத்துவிடுவேன்.

காலிப்பரில் இருக்கும் பிளீடர் நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் விடுங்கள். “அமுக்குடா” என்றால் அவன் லிவரை அமுக்கி, “பிடிச்சிட்டேன் அண்ணா” என்பான். அப்போது நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் அவன் விட வேண்டும். முன்பே விட்டால் காற்றை உள்ளே இழுத்துவிடும். ரிசர்வாயர் காலியாகாமல் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருங்கள். கறுத்த ஆயில் போய், தெளிவான ஆயில் குமிழி இல்லாமல் வரும் வரை தொடரவும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும்.

பிரேக் பேட் தேய்ந்து 2 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். புதுப் பேட் போட்டதும் வண்டியை நகர்த்தும் முன் லிவர் கெட்டியாகும் வரை அமுக்கி அமுக்கி விட வேண்டும். மறந்தால் முதல் பிரேக் பிடிக்காது.

பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு விட்டிருந்தால் புதிது போட்டே ஆக வேண்டும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட நினைப்பவர்களுக்கு அதுவே சரியான நேரம். காசு கொடுத்துச் செய்யும் அப்கிரேடில் நான் முதலிடம் தருவது அதற்குத்தான்.

ஆயில், செயின், பேட்டரி

இன்ஜினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் ஆயிலை வடியுங்கள். ஆர்15-க்குச் சுமார் ஒரு லிட்டர் போதும், 10டபிள்யூ-40 ரகம். டப்பாவில் ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான தரக் குறி) என்று இருக்க வேண்டும். கார் ஆயில் வேண்டாம், பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது, வழுக்கத் தொடங்கிவிடும். பழைய ஆயிலைச் சாக்கடையில் விட்டால் பாலாற்றுக்குத்தான் போகும். கேனில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

செயினை மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, கியர் ஆயில் அல்லது செயின் லூப் தடவுங்கள். பின் சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுத் துணியால் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது, விரலே போய்விடும். ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாகியிருந்தால், செயினோடு சேர்த்து செட்டாக மாற்றுங்கள்.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அருகே இருந்தால் நல்லது. வண்டி ஓடும்போது 13.5-க்கு மேல் காட்ட வேண்டும், 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கவனியுங்கள்.

பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் பக்கம் மட்டும் நீங்களே கை வைக்காதீர்கள். அங்கே பெட்ரோல் அழுத்தத்தில் நிற்கிறது, மெக்கானிக் அண்ணனிடம் விட்டுவிடுவதே நல்லது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல, அதனால் டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டாம்.

டயர்

டயரின் பட்டன் (மேல்பரப்பின் வரிப்பள்ளம்) ஆழமாக இருந்தாலும் ஏமாறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வெயிலில் இறுகிய ரப்பர் மழையில் வழுக்கும். முதல் தலைமுறைக்குப் பின்னால் 100/80-17 அளவு. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையின் 130 டயரை இதில் திணிக்க நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த வண்டிக்கு ரிம்மே அகலம். குறுகிய ரிம்மில் அகல டயரைப் போட்டால் டயர் வட்டமாகப் பிதுங்கும், வளைவில் திரும்பும் சுகம் போய்விடும். நல்ல கிரிப் உள்ள டயரை ஒரிஜினல் அளவிலேயே போடுங்கள். கடைக்காரர் இல்லை என்றால், காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை ஜி.பி. ரோட்டில் தேடிப் பாருங்கள்.

சைலன்சரைத் தொடாதீர்கள். ஒலிக்காக அபராதம் உண்டு. அதோடு, 15 வருஷம் முடிந்த வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆய்வுக்குப் போகும்போது ஒரிஜினல் சைலன்சர்தான் வேண்டும். கழற்றி விற்றுவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

எல்லாம் மாட்டியதும் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை பிடித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, அடியில் சொட்டுகிறதா என்று அட்டையைப் போட்டு வையுங்கள். மறுநாள் காலை கூலன்ட் ரிசர்வாயரில் மட்டம் இறங்கியிருக்கலாம், மேல்கோடு வரை ஊற்றுங்கள். அதற்கு அடுத்த நாளும் இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்கும் வரை பெங்களூரு ஹைவேயில் ஏறாதீர்கள்.