பழைய லாரியில் வந்துபோகும் மின்கோளாறைப் பிடிப்பது

பெங்களூரு கலாசிப்பாளையத்தில் என் பட்டறைக்கு வரும் லாரிகளில், விளக்கே எரியாத லாரி எனக்குச் சுலபம். அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவேன். “இங்கே நன்றாக எரிகிறது அண்ணா, ஹொஸ்கோட்டே தாண்டினால் அணைந்துவிடுகிறது” என்று சொல்லிக்கொண்டு வருபவர்தான் தூக்கத்தைக் கெடுப்பவர். அவர் என்னிடம் வருவதற்குள் பேட்டரி, டைனமோ, ஸ்விட்ச் எல்லாம் புதிதாகியிருக்கும். கோளாறு மட்டும் பழையதாகவே இருக்கும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஓட்டுநரை உட்காரவைத்துக் கேளுங்கள். முதலாளியைக் கேட்காதீர்கள், அவருக்குத் தெரிந்தது பில் மட்டும். மேடுபள்ளத்தில் வருகிறதா? தளர்ந்த முனையாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகா? ரிலேயையும் ஃபியூஸ் பெட்டியையும் பாருங்கள். மழையிலோ வாட்டர் சர்வீஸுக்கு மறுநாளோ வந்தால், எங்கோ ஓர் இணைப்பில் செம்பு பச்சை பூத்திருக்கிறது. கூடவே வேறெது அணைகிறது என்றும் கேளுங்கள். ஹெட்லைட்டோடு ஹாரனும் போனால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும்.

கோலாரிலிருந்து தக்காளி ஏற்றிவரும் ஒரு லாரிக்குப் பின்விளக்கு இப்படித்தான் கண்ணாமூச்சி ஆடியது. ஓட்டுநர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: பிரேக்கை மிதித்தால் சில நேரம் இண்டிகேட்டர் மங்கலாக மினுக்குகிறதாம். எனக்குப் பாதி வேலை முடிந்தது. எர்த், அதாவது சேஸிஸ் எனும் அடிச்சட்டத்தின் இரும்பு வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை, சரியாகக் கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனாலும் ஊகத்தை நம்பிப் பிரிக்கக் கூடாது. பின்விளக்குக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு நீள ஒயரைக் கேபினுக்குள் இழுத்து, அதில் 5 வாட் பல்பு ஒன்றை மாட்டி, அதன் எர்த்தை நேராகப் பேட்டரி நெகட்டிவில் கொடுத்தேன். பட்டறைப் பையன் பைக்கில் பின்னால் வந்தான். கே.ஆர்.புரம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஹாரன் அடித்தான், பின்விளக்கு அணைந்துவிட்டது. கேபின் பல்போ எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் பின்னால் வரை போகிறது, திரும்பும் வழிதான் இல்லை. கேபின் பல்பும் சேர்ந்து அணைந்திருந்தால் ஃபியூஸ், ஸ்விட்ச் பக்கம் போயிருப்பேன்.

பின்விளக்கைக் கழற்றினால், எர்த் போல்ட்டின் மேல் அழகாகச் சிவப்பு பெயிண்ட். 8 ஆண்டு கடந்த லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வேண்டும், அதற்காக ஒவ்வொரு முறையும் பெயிண்ட் அடிக்கிறார்கள். பெயிண்டருக்கு எல்லாம் இரும்புதான், ஆனால் பெயிண்ட் வழியாக மின்சாரம் போகாது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இரும்பைக் கடித்துப் பிடிக்கும் பல்வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். வாசலின் இறுக்கிய பிறகுதான்.

எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சில நாள் இழுத்து, சில நாள் முனகினால் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையைச் சந்தேகப்படுங்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுட்டால் சந்தேகமே வேண்டாம். செல்ஃபின் மின்சாரம் பட்டையை விட்டு அந்தக் கேபிள் வழியாகத் திரும்புகிறது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் கிளம்பாதபடி ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு க்ளீனரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனை எஞ்சின் இரும்பில், மறுமுனை பேட்டரி நெகட்டிவில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையோ அதன் முனைகளோ கெட்டிருக்கின்றன. மீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடை அளவில், வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், அப்போது பட்டையில் ஓடுவது துளி மின்சாரம்தான். ஓர் இழை மட்டும் மிஞ்சிய தாம்புக்கயிற்றில் காலி வாளி தொங்கும். தண்ணீர் மொண்டு இழுத்தால்தானே அறும்?

இந்த லாரிகள் 24 வோல்ட் வண்டிகள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள். இரண்டும் சேர்ந்து ஓய்வில் ஏறக்குறைய 25.4 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை இருந்தால் நல்லது. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் பாட்டுப் பெட்டிக்கு ஒயர் இழுத்திருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள். ஒன்று பட்டினி கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும்.

எப்போதாவது ஃபியூஸ் போகிறதா? பெரிய ஃபியூஸ் போடுவது வண்டிக்குத் தீ வைப்பது. அந்த லைனில் உள்ள பல்புகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். பிறகு ஒயர்க் கொத்தை முன்னிருந்து பின்வரை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு பளிச்சென்று எரிந்த இடத்தில் கையை நிறுத்துங்கள். குறுக்குச்சட்டத்தில் ஒயர் உரசுமிடம், சைலன்சருக்கு அருகே, எலி கடித்த இடம் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் கை நிற்கும்.