ஏறிய கியரில் இறங்குங்கள்: கேஸ்கேட் எரிமலைகளுக்கு ஆர்.வி.யில் போவது எப்படி

அமெரிக்காவின் மேற்கே சியாட்டில் பக்கம் கிளம்பி, கேஸ்கேட் மலைத்தொடரின் எரிமலைகளான ரெய்னியர், செயின்ட் ஹெலன்ஸ், கிரேட்டர் லேக், லாசன் என்று வட கலிபோர்னியா வரை ஆர்.வி.யில், அதாவது படுக்கை, சமையலறையோடு ஓடும் மோட்டார் வீட்டில், போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பாதையில் நாங்கள் மூன்று முறை போயிருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், கடைசி முறை மாமியாரும். மூன்று முறையும் 25 அடி கிளாஸ் சி வண்டிதான், வாடகைக்கு எடுத்தது. டிரைவர் சீட்டுக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த வகை. மலைப் பகுதி முழுக்க ஓட்டியது நான்.

முதலில் வண்டியின் நீளம். பெரிய வண்டி வசதி என்று 32 அடி எடுக்காதீர்கள். தேசியப் பூங்காக்களின் முகாம்கள் மரங்களுக்கு நடுவே, வளைந்த சிறு பாதைகளோடு இருப்பவை. ரெய்னியரின் கூகர் ராக் முகாமில் மோட்டார் வீட்டுக்கு 35 அடி வரை அனுமதி உண்டு என்றாலும், அந்த நீளத்துக்குப் பொருந்தும் இடங்கள் கொஞ்சம்தான். 25 அடி என்றால் எங்கேயும் நுழைந்து திரும்பலாம். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எங்கள் வண்டி 12 அடி. பெட்ரோல் பங்க் கூரைக்கு முன்னால் அந்தத் தாள் உதவும்.

காலம் என்று பார்த்தால் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, அவ்வளவுதான். கிரேட்டர் லேக்கில் ஆண்டுக்கு 40 அடிக்கு மேல் பனி கொட்டுகிறது. ஏரியைச் சுற்றிப் போகும் விளிம்புச் சாலை முழுதாகத் திறக்க ஜூலை ஆகிவிடும். ஜூலையில் போனால் கொசு, ஆகஸ்டில் போனால் காட்டுத்தீப் புகை. என்னைக் கேட்டால் அமெரிக்கத் தொழிலாளர் தினம் (செப்டம்பர் முதல் திங்கள்) முடிந்த செப்டம்பர் முதல் பாதிதான் சிறந்தது. பள்ளி இருக்கிறதே என்றால் ஜூலை கடைசி வாரம். முகாம் இடங்களில் பல 6 மாதம் முன்பே ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் திறந்துவிடும். திறக்கும் அன்று காலையிலேயே உட்கார்ந்து பதிவு செய்யுங்கள்.

இனி ஓட்டுவது. முதல் பயணத்தில் ரெய்னியரின் பாரடைஸ் என்ற இடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பாரடைஸ் 5,400 அடி, கீழே நாங்கள் இறங்கும் வழியில் உள்ள லாங்மயர் 2,700 அடி. பாதி தூரம் வருவதற்குள் ரப்பர் கருகுவது போல் ஒரு வாடை. கிளட்ச் வாடை என்று கணவர் சொன்னார். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஏது கிளட்ச்? பிரேக்தான். காரில் இறங்குவது போலவே காலை மிதியிலிருந்து எடுக்காமல் வந்திருந்தேன். ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்தி அரை மணிக்கு மேல் ஆறவிட்டோம். சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாலே சூடு முகத்தில் அடித்தது. பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கை நடுக்கம் நிற்கவே எனக்கு நெடுநேரம் ஆனது.

அன்று ராத்திரி சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து நாமக்கல்லுக்கு அப்பாவுக்கு போன் போட்டேன். அப்பா லாரி ஓட்டியவர். சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அதில் லோடு ஏற்றிக்கொண்டு எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் திட்டவில்லை. "ஏறுன கியர்லயே எறங்கோணும் கண்ணு. பிரேக் எறக்கத்துக்கு இல்ல, நிறுத்தறதுக்கு" என்றார்.

அதை இந்த வண்டிக்குப் பொருத்திச் சொல்கிறேன். கியர் லீவரின் முனையில் 'டோ ஹால்' என்று ஒரு பொத்தான் இருக்கும். வாடகைக்குக் கொடுத்த இடத்தில் அதைப் பற்றி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே, மேலே சமதளத்தில் இருக்கும்போதே, அதை அழுத்திவிடுங்கள். அப்புறம் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் உறுமும், பயப்படாதீர்கள். அது போதாத செங்குத்தான இடத்தில் கையாலேயே இரண்டாவது கியருக்கு மாற்றுங்கள். பிரேக்கைத் தடவிக்கொண்டே வரக் கூடாது. வேகம் 35 மைலுக்குப் போனால் ஒரே அழுத்தாக அழுத்தி 25க்குக் கொண்டுவந்து, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். திரும்ப ஏறட்டும், திரும்ப அழுத்துங்கள். நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் பிரேக் ஆறுகிறது. வாடை வந்துவிட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

வளைவில் இன்னொன்று: பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருப்பதால், இடதுபக்கம் திருப்பினால் வால் வலதுபக்கம் போகும். முகாமில் மரத்தையோ மேசையையோ இடிப்பது இதனால்தான். பின்னால் ஒருவர் இறங்கி நின்று பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். உங்கள் பின்னால் 5 வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது வாஷிங்டனிலும் கலிபோர்னியாவிலும் சட்டம். வழிவிட்டால் உங்களுக்கும் நிம்மதி.

டயர் காற்றைக் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டிரைவர் கதவில் எழுதியிருக்கும் அளவுதான் கணக்கு. ஓடிச் சூடான டயரில் காற்று கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள். ரெய்னியர் பூங்காவுக்குள் எங்கும் பெட்ரோல் இல்லை. அரை டாங்க் ஆனதும் நிரப்பிக்கொள்வது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் மலையில் கவலையில்லை.

சமையலுக்கு வருவோம். பிரஷர் குக்கர் இல்லாமல் கிளம்பாதீர்கள். கிரேட்டர் லேக்கின் மசாமா முகாம் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது, கேஸ்தான் தீரும். குக்கரிலும் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். இட்லி மாவை நன்றாகப் புளிக்கவைத்தே கொண்டுபோங்கள், அங்கே ராத்திரிக் குளிரில் புளிக்காது. மூன்று நாள் இட்லி தோசை, அப்புறம் ரவை உப்புமா, எலுமிச்சை சாதம் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். ஊறுகாய் பாட்டிலை மலையில் திறக்கும்போது மெதுவாகத் திறங்கள். கீழே மூடிய காற்று மேலே விரிந்து எண்ணெயைத் தள்ளும். மாமியாரின் ஆவக்காய் எண்ணெய் அலமாரி முழுக்க ஓடி, துடைக்க ஒரு ரோல் பேப்பர் போயிற்று. அதற்கப்புறம் எல்லா பாட்டிலையும் ஜிப் பையில் போட்டுத்தான் அடுக்குகிறோம்.

புரொப்பேனில் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜ் 5,500 அடிக்கு மேலே அணைந்துபோகக் கூடும். வண்டி எடுக்கும்போதே எந்த வகை என்று கேட்டுவிடுங்கள். அந்த வகைதான் என்றால், மசாமாவில் மின் இணைப்பு உள்ள சில இடங்களில் ஒன்றைப் பதிவு செய்து மின்சாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ரெய்னியர் முகாம்களில் இணைப்பே கிடையாது. ராத்திரி ஹீட்டரின் விசிறி பேட்டரியில் ஓடுவதால், பிள்ளைகளின் ஐபேடை எல்லாம் பகலில் வண்டி ஓடும்போதே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

தட்டைக் கழுவும் முன் பேப்பரால் துடையுங்கள். சோற்றுப் பருக்கை, கடுகு, கறிவேப்பிலை எதுவும் சிங்க்கில் போகக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியில் அதெல்லாம் தங்கி இரண்டாவது நாளே நாறும். சாப்பாட்டை வெளியே மேசையில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். கரடி இருக்கும் காடு இது. சாம்பார் பாத்திரம் கரடிக்கும் மணக்கும்.

சரி, மலைகள். வடக்கிலிருந்து தெற்கே என்ற வரிசையிலேயே போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எரிமலை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டியதே இல்லை, மலைகளே வரிசையாகக் காட்டிவிடும். ரெய்னியர் 14,410 அடி, தலை நிறையப் பனியோடு முழுசாக நிற்கிறது. அதில் பயப்பட வேண்டியது நெருப்பைவிடச் சேற்றுக்குத்தான். பனி உருகிச் சாம்பலும் பாறையுமாகப் பள்ளத்தாக்கில் பாயும் லகார். ஆற்றோரம் இருக்கும்போது தரை தொடர்ந்து அதிர்ந்தாலோ, ரயில் வருவது போல் இரைச்சல் கேட்டாலோ வண்டியை மறந்துவிட்டு நடந்தே மேட்டில் ஏறுங்கள். முகாமுக்குப் போனதும் எந்தப் பக்கம் மேடு என்று பிள்ளைகளுக்குக் கை காட்டிவிடுங்கள்.

செயின்ட் ஹெலன்ஸ் 1980 மே 18 காலை 8.32க்கு வடக்குப் பக்கம் சரிந்து வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். 9,677 அடியாக இருந்த மலை 8,363 அடி ஆனது. கீழே சீக்வெஸ்ட் மாநிலப் பூங்காவில் மின்சாரமும் தண்ணீரும் உள்ள இடம் எடுத்துக்கொண்டு, காலையில் 504ஆம் நெடுஞ்சாலையில் ஏறுங்கள். 2023 மே மாதம் மண்சரிவில் ஒரு பாலம் போனதால் மலையை எதிரே நின்று பார்க்கும் ஜான்ஸ்டன் ரிட்ஜ் வரை போகும் வழி அடைபட்டது. நிலவரத்தைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். வழி இல்லாவிட்டாலும் கோல்டுவாட்டர் ஏரி வரை போய், பக்கத்தில் ஹம்மக்ஸ் நடைபாதையில் நடந்தால் போதும். அங்கே வழி நெடுக இருக்கும் மேடுகள் எல்லாம் அந்த மலையின் துண்டுகள். "நாம மலை மேலதான் நடக்கிறோமா?" என்று என் சின்னவன் கேட்டான். அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது.

பெண்ட் ஊருக்குப் பக்கத்தில் நியூபெரி எரிமலையில், குழம்பு ஓடி உறைந்த கறுப்புக் கண்ணாடிப் பாறை ஓடை ஒன்று, 1,300 ஆண்டு பழையது. கெட்டியான காலணி போட்டுக்கொண்டு ஏறுங்கள், விழுந்தால் கை கிழியும்.

கிரேட்டர் லேக்கில் மலையே இல்லை. சுமார் 12,000 அடி இருந்த மசாமா என்ற மலை, ஏறக்குறைய 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்துத் தன் வயிற்றுக்குள்ளேயே இடிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீரின் ஆழம் 1,943 அடி. எந்த ஆறும் வந்து சேர்வதில்லை, மழையும் பனியும்தான். அந்த நீலத்தைப் பார்த்ததும் மாமியார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டார். மேற்கு விளிம்புச் சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கம் குறுகல், செங்குத்து, ஓட்டுகிறவருக்கு ஏரியைப் பார்க்கவே வாய்க்காது. காலை 9 மணிக்குள் மேலே போனால்தான் இந்த வண்டிக்கு நிறுத்த இடம் கிடைக்கும்.

அங்கிருந்து 97ஆம் சாலையில் வீட் ஊர் வரை வந்து, சாஸ்தா என்ற மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 89இல் திரும்பினால் லாசன். 1914 முதல் 1917 வரை வெடித்த மலை, இன்னும் கொதிக்கிறது. பம்பஸ் ஹெல் என்ற இடத்தில் சேறும் தண்ணீரும் குமிழிவிட்டுக்கொண்டிருக்கும், கந்தக வாடை தூரத்திலேயே வரும். அந்தப் பெயருக்கு உரிய கெண்டல் பம்பஸ் 1860களில் மேலோடு உடைந்து கொதிசேற்றில் கால் வைத்து, அந்தக் காலையே இழந்தவர். பார்க்கக் கெட்டியான தரை போலத்தான் இருக்கும். பலகைப் பாதையை விட்டு ஒரு அடி எடுத்துவைக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். லாசன் பூங்காவின் சாலை 8,512 அடி வரை ஏறுகிறது. பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். மாமியாரை அன்று மான்சனிடா ஏரிக் கரையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் போனோம்.

மான்சனிடா முகாமிலேயே கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, முதலில் கழிப்பறைத் தொட்டியையும் அடுத்துச் சமையலறைத் தொட்டியையும் திறங்கள். சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிட்டுப் போகும். அப்புறம் 44ஆம் சாலையில் ரெடிங் வரை 50 மைல், கிட்டத்தட்ட முழுக்க இறக்கம். மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறியவர்கள் கீழே 40 டிகிரி வெயிலில் இறங்குவீர்கள். முகாம் வாசலைத் தாண்டும்போதே அந்தப் பொத்தானை அழுத்திவிடுங்கள்.